முனை எது என்று யார் சொல்வது? கலைத்துக் கலைத்து மாட்டும் கன்வேயர் வரிசையில் கேன் பஸ் டெர்மினேஷன்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவைப் பக்கம் ஒரு பேக்கிங் கூடம். அங்கே நிலையான கன்வேயர் கிடையாது. சக்கரம் வைத்த, இரண்டு மீட்டர் நீளத் துண்டுகள்தான். இன்றைய ஆர்டருக்கு நான்கு துண்டு போதுமென்றால் நான்கு, நாளைக்குப் பன்னிரண்டு வேண்டுமென்றால் பன்னிரண்டு. ஆட்கள் தள்ளிக்கொண்டுவந்து சேர்ப்பார்கள், வேலை முடிந்ததும் பிரித்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மோட்டார், ஒரு கட்டுப்பாட்டு போர்டு, இரண்டு மூன்று போட்டோ சென்சார். துண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு சாக்கெட். பக்கத்துத் துண்டுக்கு ஒரு மீட்டர் கேபிள்; அதில் 24 வோல்ட்டும், போர்டுகள் ஒன்றோடொன்று செய்தி பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பியான கேன் பஸ்ஸும் சேர்ந்தே போகும். முழு வரிசையையும் இயக்கும் கணினியான பி.எல்.சி. பெட்டியும் சக்கர வண்டியில்தான் இருக்கிறது, அதற்கும் அதே இரண்டு சாக்கெட். பஸ்ஸின் வேகம் நொடிக்கு 500 கிலோபிட்.

புகார் இதுதான்: சில நாள் வரிசை அருமையாக ஓடும். சில நாள் நடுவில் ஏதாவது ஒரு துண்டு நின்றுவிடும். ரீசெட் செய்தால் ஓடும், மறுபடி நிற்கும். போர்டை மாற்றிப் பார்த்தாயிற்று, கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று. போன் செய்தபோது எலக்ட்ரீஷியன் சொன்ன ஒரு வாக்கியம்தான் முதல் தடயம். “முன்னாடி வந்தவரு லேப்டாப்பை மாட்டுனா நல்லா ஓடுச்சுங்க சார். கழட்டுனா நின்னுபோச்சுங்க.”

கேன் வேலை பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டதுமே சந்தேகம் வந்துவிடும். லேப்டாப்போடு வரும் யு.எஸ்.பி. அடாப்டர்கள் பலவற்றில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஜம்பரோடு உள்ளேயே இருக்கும். அதை மாட்டினால் குணமாகிறது என்றால் வரிசையில் அந்த ரெசிஸ்டருக்குப் பஞ்சம் என்று பொருள்.

பஸ்ஸின் முனையில் வைக்கும் இந்த ரெசிஸ்டரைத்தான் டெர்மினேஷன் என்பார்கள். அது எதற்கு என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். “எதிரொலியைத் தடுக்க” என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிக் கதைதான். கேபிளில் சிக்னல் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோநொடி எடுத்துப் பயணம் செய்கிறது. முனை வெறுமனே திறந்து கிடந்தால் போன அலை அப்படியே முழு அளவில் திரும்பிவரும். கேபிளின் இயல்பு மின்மறுப்பு, அதாவது ஓடும் அலைக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு, 120 ஓம் என்பதால் முனையிலும் 120 ஓம் வைத்தால் அலை அங்கேயே அடங்கிவிடும். இரண்டு முனை, இரண்டு ரெசிஸ்டர். இணையாகப் பார்த்தால் 60 ஓம்.

மீதிப் பாதி கேனுக்கே உரியது. கேனில் டாமினண்ட் பிட்டை (0) டிரான்ஸீவர், அதாவது போர்டைக் கம்பியோடு இணைக்கும் சிப், வலுவில் ஓட்டுகிறது: ஒரு கம்பியை 3.5 வோல்ட்டுக்குத் தூக்கும், மற்றதை 1.5 வோல்ட்டுக்கு இறக்கும். ரிசெசிவ் பிட்டை (1) யாரும் ஓட்டுவதில்லை. எல்லோரும் கையை எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு கம்பியையும் மறுபடி ஒன்று சேர்ப்பது அந்த டெர்மினேஷன் ரெசிஸ்டர்தான். அதனால் ரெசிஸ்டர்களின் எண்ணிக்கை குறைந்தால் டாமினண்ட் அழகாகவே இருக்கும். ரிசெசிவுக்குத் திரும்பும் சரிவுதான் சோம்பல் படும். கூடினால் நேர்மாறு. திரும்புவது சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் டாமினண்ட்டின் உயரமே குட்டையாகிவிடும். ரிசீவருக்கு இரண்டு கம்பிக்கும் இடையே 0.9 வோல்ட்டுக்கு மேல் வந்தால் டாமினண்ட், 0.5க்குக் கீழே வந்தால் ரிசெசிவ். நடுவில் இருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

நான் போனபோது பன்னிரண்டு துண்டுகள் மாட்டியிருந்தன. பவரை அணைத்து, கடைசி சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தால் 120 ஓம். ஒன்று குறைகிறது, சரி. ஆனால் இருக்கிற ஒன்று எங்கே? போர்டுகளில் டெர்மினேட்டருக்கென்று ஒரு குட்டி சுவிட்ச், டிப் சுவிட்ச், உண்டு. மூடி மூடியாகத் திறந்து பார்த்தால் பன்னிரண்டு போர்டிலும் சுவிட்ச் ஆஃப். சுவிட்ச் ஆனில் இருந்த துண்டுகள் அன்றைக்கு ஓரத்தில் ஓய்வில் நின்றுகொண்டிருந்தன. அப்படியானால் இந்த 120 எங்கிருந்து வருகிறது? கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து சுருக்கிக்கொண்டே போனதில் ஐந்தாவது துண்டில் போய் நின்றது. அதில் மட்டும் மோட்டார் டிரைவ் வெளியில் வாங்கியது. அதன் உள்போர்டில் 120 ஓம் சிப் ரெசிஸ்டர் நிரந்தரமாகச் சால்டர் செய்திருந்தது. ஜம்பர் இல்லை, சுவிட்ச் இல்லை, மூடியில் ஒரு வரி எழுத்தும் இல்லை.

ஆக, வரிசையின் இரு முனையும் திறந்து கிடக்க, நடுவில் ஒரே ஒரு ரெசிஸ்டர். சிக்னலின் வடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்தால் படம் தெளிவாகவே இருந்தது. டாமினண்ட் உயரம் இரண்டரை வோல்ட்டுக்குப் பக்கம், வழக்கத்தைவிட அதிகம். கீழே இறங்கும்போதுதான் படிப்படியாக, இடையிடையே சிலிர்த்துக்கொண்டு, 0.5 வோல்ட்டைத் தொட அரை மைக்ரோநொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது.

“500 கிலோபிட்டில் ஒரு பிட் 2 மைக்ரோநொடி ஆயிற்றே, அரை மைக்ரோநொடி போனால் என்ன?” என்று தோன்றும். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். மொத்தக் கேபிள் 36 மீட்டர் அளவு. ஒரு வழிக்கு 180 நானோநொடி. டிரான்ஸீவர் வழியாகப் போய்வர இன்னொரு 200 என்று வைத்துக்கொள்வோம். கேனில் ஒருவர் அனுப்பும்போதே மற்றவர் பதில் பிட்டும் அதே பிட் நேரத்துக்குள் வந்தாக வேண்டும். ஆகவே போக வர இரட்டிப்பு: 760 நானோநொடி. அந்த போர்டுகளின் மென்பொருளில் சாம்பிள் பாயிண்ட் 60 சதவீதத்தில் வைத்திருந்தார்கள், அதாவது 1.2 மைக்ரோநொடியில் பிட்டைப் படித்துவிடும். மிச்சம் 440 நானோநொடி. இறங்கும் சரிவு அதைவிட நீளம். ஒரு முனைத் துண்டும் மறு முனைத் துண்டும் பேசும்போது மட்டும் பிழை வரும், பக்கத்துத் துண்டுகளுக்குள் வராது. நான்கு துண்டு மாட்டினால் எல்லாமே சரியாக இருக்கும். “சில நாள் ஓடும், சில நாள் ஓடாது” என்பதன் பாதி மர்மம் இவ்வளவுதான்.

மீதிப் பாதி இதன் தலைகீழ். ஓரத்தில் நின்ற துண்டுகளை உள்ளே கொண்டுவந்து, வேறு வரிசையில் மாட்டச் சொன்னேன். இப்போது சுவிட்ச் ஆனில் உள்ள மூன்று துண்டுகள் வரிசையில் சேர்ந்தன; அவற்றோடு அந்த டிரைவின் ஒளிந்திருக்கும் ரெசிஸ்டர். மீட்டர் 30 ஓம் காட்டியது. டிரான்ஸீவர்கள் 50 முதல் 65 ஓம் வரையிலான சுமைக்குக் குறைந்தது 1.5 வோல்ட் தருவதாகத்தான் உறுதி சொல்கின்றன. 30 ஓமுக்கு எந்த உறுதியும் இல்லை. ஸ்கோப்பில் வந்தது 1.1 வோல்ட் அளவு. எல்லைக்கோடு 0.9. மோட்டார்கள் சும்மா இருக்கும்வரை வரிசை ஓடியது. நான்கைந்து மோட்டார் சேர்ந்து கிளம்பும் நொடியில் எரர் ஃப்ரேம்கள், அதாவது பிழை அறிவிப்புகள், கொட்டின. அனுப்பும் நோடுக்கு (பஸ்ஸில் மாட்டிய ஒவ்வொரு போர்டும் ஒரு நோடு) ஒவ்வொரு பிழைக்கும் எட்டுப் புள்ளி ஏறும், வெற்றிகரமாக அனுப்பினால் ஒன்றுதான் இறங்கும். தொடர்ந்து 32 பிழை வந்தால் 255ஐத் தாண்டி பஸ்-ஆஃப். அந்தத் துண்டு ஊமையாகிவிடும். கூடத்துக்காரர்கள் பார்த்த “நடுவில் ஒரு துண்டு நிற்கிறது” அதுதான்.

நடுவில் இருக்கும் ரெசிஸ்டர் சுமை கூட்டுவதோடு நிற்பதில்லை. கேபிளில் வரும் அலைக்கு அந்த இடத்தில் 120க்கு இணையாக இன்னொரு 120 தெரிகிறது, அதாவது 60 ஓம். மூன்றில் ஒரு பங்கு அலை தலைகீழாகத் திரும்பும். முனையில் எதிரொலியை விழுங்கும் அதே பொருள் நடுவில் எதிரொலியை உண்டாக்குகிறது.

சரி, என்ன செய்வது? முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஒழுங்குமுறை: மாட்டும்போது இரு முனையிலும் சுவிட்சை ஆன் செய்யுங்கள், மற்றதையெல்லாம் ஆஃப் செய்யுங்கள் என்று சுவரில் ஒட்டுவது. மூடியைத் திறக்க நான்கு ஸ்க்ரூ. வண்டி வாசலில் நிற்கும்போது எவரும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட மாட்டார்கள். அடுத்தது டெர்மினேட்டர் பிளக்: ரெசிஸ்டர் வைத்த மூடியை இரு முனையிலும் செருகுவது. நிலையான இடங்களில் இது நல்ல வழி. படகுகளில் உள்ள என்.எம்.இ.ஏ. 2000 என்ற கேன் வலையமைப்பு இப்படித்தான் நடக்கிறது. ஆனால் தினமும் பிரித்துச் சேர்க்கும் இடத்தில் அந்தப் பிளக் சட்டைப்பைக்குள் போய் வீட்டுக்குப் போய்விடும்.

மென்பொருளிடம் விடலாம் என்று ஒரு யோசனை வந்தது: பி.எல்.சி. யாருக்குப் பக்கத்தில் யார் என்று கண்டுபிடித்து, கடைசித் துண்டுக்கு “ரெசிஸ்டரைப் போடு” என்று ஆணை அனுப்பட்டும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆணை போக வேண்டிய பாதையே அந்த ரெசிஸ்டரை நம்பித்தான் இருக்கிறது. அதுவும் ஒருபுறம் இருக்கட்டும், கேன் பஸ்ஸில் எல்லோரும் ஒரே கம்பியில் தொங்குகிறார்கள். யார் முனையில் இருக்கிறார் என்பதை அந்தக் கம்பி சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு கம்பி இழுக்க வேண்டும். இழுப்பதென்றால் அந்தக் கம்பியையே நேரடியாக முடிவெடுக்க விட்டுவிடலாமே!

குறைவேகக் கேன் என்று ஒரு வகை உண்டு, ஒரு கம்பி அறுந்தாலும் ஓடும் ரகம். அதில் முனை என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு நோடும் தன் பங்கு ரெசிஸ்டரைத் தானே வைத்துக்கொள்ளும், எல்லாம் சேர்ந்து 100 ஓம் பக்கம் வர வேண்டும். கேட்க இந்த வேலைக்கே செய்தது போலிருக்கும். ஆனால் உச்ச வேகம் 125 கிலோபிட், டிரான்ஸீவர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், நான்கு துண்டுக்கும் பன்னிரண்டு துண்டுக்கும் மொத்தம் ஒன்றாக வராது. விட்டுவிட்டோம்.

கேன் பிறந்தது காருக்காக. பாஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட்டில் வெளியிட்டது. காரின் வயரிங்கில் முனை எது என்பது வரைபடத்திலேயே முடிவாகிவிடும், அதன் ஆயுள் முழுக்க மாறாது. இந்தக் கூடத்தின் கஷ்டம் காருக்கு இல்லை. டிராக்டருக்கு உண்டு. காலையில் விதைக்கும் கருவி, மாலையில் மருந்தடிக்கும் கருவி என்று பின்னால் மாட்டுவது மாறிக்கொண்டே இருக்கும். எதுவும் மாட்டாதபோது டிராக்டரின் பின் சாக்கெட்டே முனை; மாட்டிவிட்டால் முனை கருவியின் கடைசிக்குப் போய்விடுகிறது. ஐ.எஸ்.ஓ. 11783, அதாவது ஐசோபஸ், இதைச் சாக்கெட்டிலேயே தீர்த்துவைத்திருக்கிறது. அங்கே டெர்மினேட்டர் சுற்று சாக்கெட்டோடு சேர்ந்தே இருக்கும். கருவியின் பிளக்கைச் செருகினால், அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பின் அந்தச் சுற்றை முடக்கிவிடும். ஓட்டுநர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. எங்கள் தீர்வின் அடிப்படை அதுதான். முனை என்பது எந்தத் துண்டின் குணமும் இல்லை, பக்கத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான். அதைச் சாக்கெட்டால் மட்டுமே நேராக உணர முடியும்.

போர்டுகளின் டிப் சுவிட்ச் ரெசிஸ்டரைக் கழற்றினோம். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பின்னால் ஒரு சின்னப் போர்டு: ஒரு ரெசிஸ்டர், அதைச் சேர்க்கவும் விலக்கவும் ஒளியால் இயங்கும் திடநிலை ரிலே ஒன்று. ரிலேயின் ஆன் மின்தடை சில ஓம் வரும். அதைக் கழித்துவிட்டு ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்து 120க்கு அருகில் நிற்கும். கனெக்டர் ஐந்து பின் எம்12 ஆக இருந்தது. ஷீல்டு, 24 வோல்ட், கிரவுண்ட், இரண்டு கேன் கம்பி என்று ஐந்துமே நிரம்பிவிட்டன. எட்டுப் பின்னுக்கு மாற வேண்டியதாயிற்று. இந்த வேலையில் பெரிய செலவு அதுதான்.

பக்கத்தில் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் உணர் பின்னை எப்படி இணைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுலபமான வழி, கேபிளின் பிளக்குக்குள்ளேயே உணர் பின்னையும் கிரவுண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுவது. பிளக் நுழைந்ததும் ரெசிஸ்டர் விலகும். ஆனால் துண்டைப் பிரிக்கும்போது ஆட்கள் கேபிளின் ஒரு பக்கத்தை மட்டும் உருவிவிட்டு, மறுபக்கத்தை அப்படியே தொங்கவிட்டுப் போவார்கள். அந்த நிலையில் சாக்கெட், பக்கத்தில் ஆள் இருப்பதாக ஏமாந்துவிடும், முனையில் ரெசிஸ்டர் இருக்காது. அதனால் ஆறாம் பின்னை உணர் பின்னாகவும், ஏழாம் பின்னைக் கிரவுண்டாகவும் வைத்தோம். கேபிளில் இந்த இரண்டு கம்பியும் குறுக்காகப் போகும், இந்தப் பக்க ஆறு அந்தப் பக்க ஏழுக்கு. பக்கத்துத் துண்டின் கிரவுண்டை உண்மையிலேயே தொட்டால்தான் ரெசிஸ்டர் விலகும். தொங்கும் கேபிள் ஒரு மீட்டர் கிளையாக இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் துண்டைத் திருப்பி மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு துண்டைத் தனியாக வைத்துச் சோதித்தால் அதன் இரு சாக்கெட்டிலும் ரெசிஸ்டர் சேர்ந்து 60 ஓம் தானாகவே அமையும்.

பவர் இல்லாதபோது ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும்? இதில்தான் நிறைய விவாதம் நடந்தது. நடுத் துண்டு ஒன்றின் ஃபியூஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் இல்லாதபோது மூடியிருக்கும் ரிலே என்றால் அந்தத் துண்டின் இரண்டு ரெசிஸ்டரும் நடுவில் வந்து விழும். மறுபடி 30 ஓம். திறந்திருக்கும் ரிலே என்றால் ஒன்றும் நடக்காது. முனைத் துண்டின் ஃபியூஸ் போனால் இதற்கு எதிர்மறை: திறந்திருக்கும் ரிலேயில் ஒரு ரெசிஸ்டர் குறையும். எது பரவாயில்லை? கூடுதலைவிடக் குறைவை இந்த வரிசை நன்றாகத் தாங்கும் என்று அளவுகளே காட்டின, அதுவும் வேகத்தைக் குறைத்துவிட்டால். துண்டுகள் பேசிக்கொள்வது சொற்பம்தான், 500 கிலோபிட் யாருக்கும் தேவைப்படவில்லை. 250க்கு இறக்கினோம், சாம்பிள் பாயிண்ட்டை 87.5 சதவீதத்துக்குத் தள்ளினோம். இப்போது பிட் 4 மைக்ரோநொடி, படிப்பது 3.5இல். ஒரு முனை ரெசிஸ்டர் இல்லாவிட்டாலும் வரிசை ஓடுகிறது. வேண்டுமென்றே கழற்றி ஓட்டிப் பார்த்தோம். ஆகவே திறந்திருக்கும் ரிலே.

இந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. பவரை அணைத்துவிட்டு 60 ஓம் அளக்கும் வழக்கமான சோதனை இனி இங்கே செல்லாது. அணைத்ததும் எல்லா ரெசிஸ்டரும் விலகிவிடும், மீட்டர் கிலோ ஓம் காட்டும். எலக்ட்ரீஷியனுக்குப் பழக்கமான ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு சும்மா போக முடியாது. அதனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மேலே ஒரு பச்சை எல்.இ.டி.: ரெசிஸ்டர் சேர்ந்திருந்தால் எரியும். வரிசை முழுக்க இரண்டே இரண்டு பச்சை, இரண்டு கோடியிலும். நடுவில் எரிந்தால் அந்தக் கேபிள் சரியாக உட்காரவில்லை. மீட்டரைவிட இது வேகம் என்று அவரே ஒப்புக்கொண்டார். போர்டுகளும் தங்கள் ரெசிஸ்டர் நிலையை அவ்வப்போது பஸ்ஸில் சொல்கின்றன, பி.எல்.சி. கூட்டிப் பார்த்து, இரண்டு வராவிட்டால் திரையில் எச்சரிக்கும். மென்பொருளுக்குக் கொடுத்த வேலை எண்ணிப் பார்ப்பது மட்டும்தான்.

அப்புறம் ஒரு சிக்கல் பாக்கி: கிளை. சில ஆர்டர்களுக்கு வரிசை டி வடிவத்தில் பிரியும், பக்கவாட்டில் ஒரு துண்டு மட்டும். கிளையின் கோடியும் திறந்த சாக்கெட்தானே, அதுவும் தன்னை முனையென்று நினைத்து ரெசிஸ்டரைச் சேர்த்துவிடும். மூன்று சேர்ந்தால் 40 ஓம். கேபிளையும் சேர்த்து அந்தக் கிளை நான்கு மீட்டருக்குள்தான். 250 கிலோபிட்டில் என்.எம்.இ.ஏ. 2000 ஆறு மீட்டர் வரை ரெசிஸ்டர் இல்லாத கிளையை அனுமதிக்கிறது என்பதால், அந்த அளவில் முனை திறந்தே கிடக்கலாம். எனவே கிளைத் துண்டின் கோடி சாக்கெட்டுக்கு ஆறையும் ஏழையும் உள்ளுக்குள் சேர்த்த ஒரு வெற்று மூடி செய்து, சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டோம். சங்கிலி இருந்தும் அதை மாட்ட மறப்பார்கள். மறந்தால் மூன்றாவது பச்சை எரியும், திரையும் சத்தம் போடும். கிளையில் இரண்டு துண்டு மாட்டினால் நீளம் எல்லையைத் தாண்டிவிடும். அதற்குப் போக ஒரு ஜோடி, திரும்பிவர ஒரு ஜோடி என்று கம்பி இழுத்து, கிளையையும் நேர்வரிசையாக்க வேண்டும். அவர்களுக்கு இப்போதைக்கு அந்தத் தேவை இல்லை என்றார்கள், செய்யவில்லை.

மாற்றிய பிறகு ஸ்கோப்பில் இரண்டு வோல்ட் உயரம், இறங்கும் சரிவு சுத்தம். மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போதும் பிழை எண்ணிகள் பூஜ்யத்திலேயே நிற்கின்றன. லேப்டாப் அடாப்டரின் ஜம்பரைக் கழற்றி, அதன் மேல் டேப் ஒட்டி எழுதிவைத்தாயிற்று.

அந்த ஐந்தாவது துண்டின் டிரைவைத் திறந்து சிப் ரெசிஸ்டரைச் சூடுகாட்டி எடுத்தோம்; உத்தரவாதம் போயிற்று, வேறு வழியில்லை. அதே டிரைவ் இன்னும் இரண்டு, ஸ்டோரில் ஸ்பேராகப் பெட்டியோடு இருக்கிறது. பெட்டி மேல் சிவப்பு மார்க்கரில் “உள்ளே 120 ஓம், எடுத்துவிட்டு மாட்டவும்” என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பர்ச்சேஸ் ஆர்டரில் இனிமேல் ஒரு வரி கூடுதலாகப் போகிறது: டெர்மினேஷன் ரெசிஸ்டர் இல்லாத மாடல், அல்லது ஜம்பரால் கழற்றக்கூடியது.